வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை எந்த மருந்தோடு, உணவோடு, நோயோடு மோதும்? முழுமையான வழிகாட்டி

வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் முதல் வைத்தியம் மெடிக்கல் ஷாப்பில்தான் நடக்கிறது. "ராத்திரியிலிருந்து அஞ்சாறு தடவை போயிடுச்சு, நிக்கிற மாதிரி ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டால் போதும். பேதி நிற்க ஒன்று, கிருமிக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று, வாந்தி இருந்தால் அதற்கும் ஒன்று என்று நான்கு வகையைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவர் வீட்டில் பிரஷருக்கு என்ன போடுகிறார், சர்க்கரைக்கு என்ன போடுகிறார், இதய வால்வு மாற்றியவரா, கிட்னி எப்படி என்பதைக் கடைக்காரரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.

மருந்துகள் மோதுகின்றன என்றால் இரண்டு மாத்திரைகள் ஒன்றோடொன்று சண்டை போடுவதாக மட்டும் நினைத்துக்கொள்கிறோம். வயிற்றுப்போக்கில் விஷயம் அதைவிடப் பெரிது. தண்ணீர், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் உடம்பிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. பத்து வருடமாக ஒரு தொந்தரவும் தராத மாத்திரை, அப்படி வறண்டுபோன உடம்பில் சிறுநீரகத்தையோ இதயத் துடிப்பையோ பாதிக்கலாம். அதனால் புதிதாக வாங்கிய கவரை மட்டும் பார்த்தால் போதாது, தினமும் போடுகிற மாத்திரை டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில், இதை நிறுத்தலாமா என்று பாருங்கள்

மலத்தில் ரத்தமோ சளியோ கலந்து வருகிறதா? நல்ல காய்ச்சல் அடிக்கிறதா? வயிறு உப்பிக் கல் மாதிரி இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் லோபரமைடு (இமோடியம், எல்டோபர், லோபமைடு என்று பல பெயரில் வருவது), டைஃபெனாக்ஸிலேட்டும் அட்ரோபினும் சேர்ந்த லோமோஃபென் போன்றவற்றை நீங்களாகப் போடக்கூடாது. இவை இரண்டும் குடலின் அசைவைக் குறைப்பவை. குடல் கிருமியையும் நச்சையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் அசைவை நிறுத்தினால் நச்சு உள்ளேயே தங்கிவிடும். சீதபேதியிலும், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய் தீவிரமாக இருக்கும்போதும், பெருங்குடல் செயலிழந்து பலூனாக வீங்கிப்போகும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து.

இன்னொரு சூழல் பலருக்கும் தெரியாது. வேறு எதற்காகவோ ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். அதற்கப்புறம், சில சமயம் வாரக்கணக்கில் கழித்துக்கூட, தண்ணீராகப் போகத் தொடங்கும். ஆன்டிபயாடிக் குடலில் இருந்த நல்ல கிருமிகளை அழித்துவிட்டதால் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி வரும் வயிற்றுப்போக்காக அது இருக்கலாம். அதற்கும் லோபரமைடு போட்டு மூடிவைக்கக் கூடாது. "போன மாசம் இந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய உதவி.

வயதானவர்களிடம் ஒன்று கவனிக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ நாள்கணக்கில் மலச்சிக்கல் இருந்து, மலம் இறுகி அடைத்து, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசியும். பார்ப்பவர்களுக்கு அது பேதி மாதிரியே தெரியும். அதற்கு லோபரமைடு கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். கடைசியாக எப்போது நன்றாகப் போனார் என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரைப் பக்கம் போக வேண்டும்.

படி 2: வீட்டு மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டுங்கள்

தினமும் போடுபவை, போன வாரம் புதிதாகத் தொடங்கியவை, "அது மாத்திரை இல்லையே, பவுடர்தானே" என்று கணக்கில் விட்டவை என எல்லாவற்றையும் எடுங்கள். முதல் கேள்வி, இவற்றில் ஒன்றே வயிற்றுப்போக்குக்குக் காரணமா என்பது.

மெட்ஃபார்மின் இதில் பிரபலம். புதிதாகத் தொடங்கியபோதும் டோஸ் ஏற்றியபோதும் வயிறு இளகும். அதற்கு மேல் லோபரமைடு போட்டுச் சமாளிப்பதைவிட, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்பது சரி. மெக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்துகள், எச். பைலோரி கிருமிக்குத் தரும் கிளாரித்ரோமைசின் அடங்கிய கிட், சர்க்கரைக்குத் தரும் அகார்போஸ், வோக்ளிபோஸ், வயிற்று வலிக்கே போடும் மெஃபெனமிக் அமிலம் இவையெல்லாம்கூட வயிற்றைக் கலக்கும்.

மூன்று மருந்துகளில் வயிற்றுப்போக்கே எச்சரிக்கை மணியாக இருக்கலாம்: மனநலத்துக்குத் தரும் லித்தியம், கவுட் என்ற மூட்டு வலிக்குத் தரும் கால்ச்சிசின், இதயத்துக்குத் தரும் டிகாக்ஸின். உடம்பில் இவற்றின் அளவு எல்லை மீறும்போது வயிற்றுப்போக்கும் வாந்தியும் முதலில் தலைகாட்டலாம். இவற்றில் ஒன்றைப் போடுகிறவருக்குப் பேதி என்றால் நிறுத்தும் மாத்திரையைத் தேடாமல் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். லித்தியத்தில் இது இரண்டு பக்கமும் வெட்டும். அளவு கூடினால் பேதி வரும், பேதியால் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அளவு இன்னும் கூடும்.

படி 3: நிறுத்தும் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

*லோபரமைடு.* இது ஓபியாய்டு, அதாவது அபின், மார்ஃபின் வகையைச் சேர்ந்த மருந்து. ஆனால் சாதாரண அளவில் மூளைக்குள் போகாது. காரணம், பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் வாசல் காவலாளி போல நின்று அதை வெளியே தள்ளிவிடுகிறது. கல்லீரலும் சிஒய்பி3ஏ4, சிஒய்பி2சி8 என்ற நொதிகளால் அதைப் பெருமளவு உடைத்துவிடுகிறது. ஆக இந்த மருந்தின் பாதுகாப்பு முழுவதும் அந்தப் புரதத்தையும் கல்லீரலையும் நம்பித்தான் இருக்கிறது. இவற்றில் கைவைக்கும் எந்த மருந்தும் லோபரமைடின் அளவை ஏற்றிவிடும்.

நம் ஊருக்கு இதில் முக்கியமானது இட்ராகோனசோல். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் இதைச் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தத்தில் லோபரமைடின் அளவு கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறியது. கொழுப்புக்குத் தரும் ஜெம்ஃபைப்ரோசில் தனியாக இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றும். இட்ராகோனசோலும் ஜெம்ஃபைப்ரோசிலும் சேர்ந்தால் 12 மடங்கைத் தாண்டியது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் மாத்திரை, எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனவிர், பிரஷருக்கும் இதயத் துடிப்புக்கும் தரும் வெரபமில், அமியோடரோன் இவையும் அதே ரகம். டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின் எதிர்த்திசை: லோபரமைடின் அளவைக் குறைக்கக்கூடியது. "ஒண்ணு போட்டேன், நிக்கல" என்று அவர்கள் தாங்களாக எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதுதான் அங்கே ஆபத்து.

அளவு ஏறினால் என்ன ஆகும்? இதயத்தின் மின்னோட்டத்தில் க்யூடி இடைவெளி என்று ஒன்று இருக்கிறது. லோபரமைடு மிக அதிகமானால் அது நீண்டு, துடிப்பு தாறுமாறாகி, மயக்கம், சில சமயம் மரணம் வரை போகும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த மருந்தை 1976-இல் அனுமதித்தது. அதிலிருந்து 2015 வரை கடுமையான இதயப் பாதிப்பாகத் தங்களுக்கு வந்த 48 புகார்களில் 10 பேர் இறந்திருந்தார்கள் என்று 2016 ஜூனில் அது எச்சரிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் சொன்ன அளவைப் போலப் பல மடங்கு விழுங்கியவர்கள் அவர்கள். ஆரோக்கியமானவர் ஒருவர் சரியான அளவில் ஒன்றிரண்டு நாள் போடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கவலை எங்கே என்றால், ஒரே கவரில் பல மருந்துகள் சேரும்போது. அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸாசின், ஓஃப்ளாக்ஸாசின், வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான், டோம்பெரிடோன் எல்லாமே ஏதோ ஒரு அளவுக்குக் க்யூடியை நீட்டக்கூடியவை. பேதியால் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தாலும் க்யூடி நீளும். அசிடிட்டிக்கு வருடக்கணக்கில் பான்டோபிரசோல் மாதிரி மாத்திரை போடுகிறவர்களில் சிலருக்கு மெக்னீசியம் ஏற்கெனவே குறைவாக இருக்கும். இதையெல்லாம் ஒருவர் மேல் ஒரே நாளில் ஏற்றினால், தனித்தனியாகப் பார்க்கும்போது சாதுவாகத் தெரிந்தவை சேர்ந்து வேலையைக் காட்டிவிடும். இதய நோயாளி, வயதானவர், ஒல்லியாக வாடிப்போனவர், துடிப்புக்கு மாத்திரை போடுகிறவர் இவர்களுக்குக் கவர் மருந்து வேண்டவே வேண்டாம்.

வயிற்று வலி மாத்திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெஃப்டால் ஸ்பாஸ் மாதிரி மாத்திரையில் டைசைக்ளோமினும் மெஃபெனமிக் அமிலமும் இருக்கின்றன. டைசைக்ளோமின் குடல் அசைவைக் குறைக்கும், லோபரமைடும் குறைக்கும், சேர்ந்தால் குடல் நின்றேபோகலாம். மெஃபெனமிக் அமிலமோ வயிற்றைக் கலக்கும், அதோடு நீர் வற்றிய சிறுநீரகத்துக்குக் கெடுதலும் செய்யும். பேதிக்குக் கொடுக்கும் கவரில் இது சர்வசாதாரணமாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு, சிரோசிஸ் என்று சொல்லிவிட்டவர்களுக்கு, லோபரமைடை உடைக்கும் இடமே பழுது. அவர்கள் கேட்காமல் போடவே கூடாது.

*லோமோஃபென் வகை.* டைஃபெனாக்ஸிலேட்டும் ஓபியாய்டு குடும்பம்தான், ஆனால் லோபரமைடைப் போல மூளைக்கு வெளியே நின்றுவிடுவது இல்லை, தூக்கம் வரும். மது, தூக்க மாத்திரை, அல்பிரசோலம், டிரமடால், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை எதனோடு சேர்ந்தாலும் மந்தம் கூடும், மூச்சு குறையும். மனச்சோர்வுக்குத் தரும் பழைய எம்.ஏ.ஓ. தடுப்பான்களோடு சேர்த்தால் பிரஷர் எகிறலாம். கூடவே இருக்கும் அட்ரோபின் சிறுநீரை அடைக்கும், கண் அழுத்தத்தை ஏற்றும். ஆகவே புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சொட்டுச்சொட்டாகப் போகிறவர்களும், கிளாக்கோமா உள்ளவர்களும் இதை ஒதுக்கிவிட வேண்டும். மஞ்சள் காமாலை உள்ளவர்களுக்கும் கூடாது. என் அபிப்பிராயத்தில், லோபரமைடு இருக்கும்போது இதை வீட்டில் வாங்கி வைக்கவே தேவையில்லை, அதுவும் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

*ரேசிகடோட்ரில்.* ரெடோடில், ஸெடோட் என்று வருவது. குடலுக்குள் தண்ணீர் சுரப்பதைக் குறைக்கும், அசைவை நிறுத்தாது, அதனால் டாக்டர்கள் இதை அதிகம் விரும்புகிறார்கள். ஒரு பெரிய மோதல் இருக்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என்று முடியும் பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு முகம், உதடு, நாக்கு, தொண்டையெல்லாம் வீங்கவைக்கும். ரேசிகடோட்ரிலும் அதே வீக்கத்தைத் தரக்கூடியது, இரண்டும் சேர்ந்தால் அபாயம் கூடும். இதயச் செயலிழப்புக்கு சாகுபிட்ரில் கலந்த மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முன்பு எப்போதாவது ப்ரில் மாத்திரையால் உதடு வீங்கியிருந்தால் ரேசிகடோட்ரிலைத் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்கான பவுடர் பாக்கெட்டில் சர்க்கரை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

*பிஸ்மத் சப்சாலிசிலேட்.* வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ரோஸ் நிற பெப்டோ-பிஸ்மால். இதில் ஆஸ்பிரினின் சொந்தக்காரரான சாலிசிலேட் இருக்கிறது. ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், அசிட்ரோம் போடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவு பயம், மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவர்களுக்கு அதன் நச்சுத்தன்மை கூடும் பயம். டாக்ஸிசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்ஸாசினும் இதோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் போகும். ஃப்ளூ, அம்மை வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, ரேய் நோய்க்குறி என்ற கல்லீரல், மூளை பாதிப்பு வரலாம். டெங்கு சீசனில் காய்ச்சலோடு பேதி என்றால் பெரியவர்களும் தவிர்ப்பது நல்லது. நாக்கும் மலமும் கறுப்பாவது இந்த மருந்தின் சாதாரண விளைவு, ஆனால் அதே கறுப்பு வயிற்றுக்குள் ரத்தம் கசிவதை மறைத்துவிடவும் கூடும்.

*புரோபயாடிக்.* இவை உயிருள்ள கிருமிகள். லாக்டோபேசிலஸ் வகையை ஆன்டிபயாடிக்கோடு ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். எக்கோநார்ம் மாதிரி வரும் சாக்கரோமைசிஸ் பூலார்டி ஒரு ஈஸ்ட், அதனால் ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் அதைக் கொன்றுவிடும், சூடான காபியில் கலந்தாலும் செத்துவிடும். கீமோ நடக்கிறவர்கள், பெரிய ரத்தக் குழாயில் லைன் போட்டிருப்பவர்கள், எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்கள் இதை எடுக்கக்கூடாது. அந்த ஈஸ்ட் ரத்தத்திலேயே தொற்றாகிவிட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

படி 4: கவரில் இருக்கும் ஆன்டிபயாடிக்

பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை, வைரஸ்தான் காரணம், தானாக நின்றுவிடும். ஆனாலும் நார்ஃப்ளாக்ஸாசின்-டினிடசோல், ஓஃப்ளாக்ஸாசின்-ஆர்னிடசோல் ஜோடிகள் கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் போகிற போக்கில் கொடுக்கப்படுகின்றன.

ஃப்ளாக்ஸாசின் பாதியை முதலில் பார்ப்போம். பாலில் இருக்கும் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, ஜெலுசில் வகை, ஜிங்க் எல்லாமே இதைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே நிறுத்திவிடும். இதில் வேடிக்கை இல்லாத ஒரு முரண்பாடு இருக்கிறது. பேதிக்கென்றே ஜிங்க் தருகிறோம், அதே பேதிக்கு ஃப்ளாக்ஸாசினும் தருகிறோம், இரண்டையும் ஒரே வாயில் விழுங்கினால் ஆன்டிபயாடிக் பாதிக்குமேல் வீணாகலாம். அடுத்து, கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஃப்ளாக்ஸாசின் சர்க்கரையைத் திடீரென்று இறக்கும். பேதியில் சாப்பாடும் இறங்காது என்பதால் இது இன்னும் மோசம். சிப்ரோஃப்ளாக்ஸாசினைக் கழுத்து வலிக்குத் தரும் டிசானிடினோடு சேர்க்கவே கூடாது, பிரஷர் சரிந்து மயங்கிவிடுவார்கள். இழுப்புக்கு டெரிஃபிலின் போடுகிறவர்களுக்குச் சிப்ரோவால் அதில் இருக்கும் தியோஃபிலின் அளவு ஏறிப் படபடப்பு, வலிப்பு வரை போகலாம். காபியில் இருக்கும் கஃபீனும் அதே வழியாகத் தேங்கும், அதனால் அந்த நாட்களில் காபி குடித்தால் கை நடுங்குவதும் தூக்கம் வராததும் சகஜம். ஸ்டீராய்டு எடுக்கும் பெரியவர்களுக்குக் குதிகால் தசைநார் அறுந்துபோகும் அபாயமும் உண்டு.

டினிடசோல், மெட்ரோனிடசோல், ஆர்னிடசோல் பாதியில் இரண்டு விஷயம். ஒன்று மது. குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டி வாந்தியெடுக்கக்கூடும் என்று மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது, மருந்து முடிந்தும் மூன்று நாள் வரை தள்ளியிருங்கள். இரண்டாவது, வால்வு மாற்றியவர்களும் காலில் ரத்தக்கட்டி வந்தவர்களும் போடும் அசிட்ரோம், வார்ஃபரின். மெட்ரோனிடசோல் இவற்றின் வேலையை வெகுவாக வீரியமாக்கிவிடும், ஃப்ளாக்ஸாசினும் ஏற்றும், சாப்பிடாமல் இருப்பதால் வைட்டமின் கே குறைவதும் ஏற்றும். மூன்றும் ஒரே வாரத்தில் நடக்கிறது. ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், காரணமில்லாத கன்றல் ஏதாவது தெரிந்தால் உடனே போக வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் மூன்று நான்கு நாளில் ஐ.என்.ஆர். என்ற ரத்தம் உறையும் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

படி 5: தினசரி மாத்திரைகளில் எதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், சிறுநீரகம் கெட்டுப்போகிறவர்களில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். தண்ணீராகப் போகிறது, வாய் வறள்கிறது, சிறுநீர் குறைந்து மஞ்சளாகிவிட்டது என்றால், சில மாத்திரைகள் அந்த ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் இடைவெளி கேட்பவை. ப்ரில் என்று முடியும் மாத்திரைகள், டெல்மிசார்டன், லோசார்டன் என்று 'சார்டன்' என்று முடியும் மாத்திரைகள், ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு மாதிரி நீர் பிரிக்கும் மாத்திரைகள், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள், மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரும். முதல் நான்கும் நீர் குறைந்த சிறுநீரகத்தை நெரிக்கும். சிறுநீரகம் மந்தமானால் மெட்ஃபார்மின் தேங்கி ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். ஃப்ளோசின் வகையில் சர்க்கரை அளவு நார்மலாகக் காட்டிக்கொண்டே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், அதுதான் அதில் பெரிய ஏமாற்று.

நீங்களாக நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவில்லை. டாக்டருக்கு ஃபோன் போட்டு, "இத்தனை தடவை போச்சு, சிறுநீர் இவ்வளவுதான் வருது, நான் இந்த இந்த மாத்திரை போடறேன், இன்னிக்கு எதை விடணும்?" என்று கேளுங்கள். சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடங்கச் சொல்வார்கள், அதை மறக்காமல் தொடங்குவதும் முக்கியம். எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக்கூடாதவை என்றும் சில உண்டு: இன்சுலின் (டோஸ் மாறலாம், முழுதாக விடக்கூடாது), நாள்பட எடுக்கும் ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை.

டிகாக்ஸின் போடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அதே டோஸ் நச்சாகும். சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் டாக்ரோலிமஸ் அளவு பேதியின்போது ஏறும், விழும் என்று நினைப்பதற்கு மாறாக. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் கடுமையாகப் போனால் அந்த நாட்களின் மாத்திரை உடம்பில் சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஆணுறை போன்ற ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

படி 6: சாப்பாடும் கைவைத்தியமும்

ஓ.ஆர்.எஸ்.தான் உண்மையான மருந்து, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டரில் சோடியம் 75, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20 மில்லிமோல், மொத்த அடர்வு 245. பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர், 200 மில்லி என்றால் 200 மில்லி. அரை பாக்கெட்டை டம்ளரில் கலக்கக்கூடாது, அதன்மேல் ஜூஸோ சர்க்கரையோ சேர்க்கக்கூடாது. சர்க்கரை நோயாளிகளும் குடிக்கலாம், ஒரு லிட்டருக்குச் சுமார் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். என்று வைத்துக்கொண்டு வந்த இனிப்பு டெட்ரா பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் பாக்கெட்டைத் திருப்பிக் கலவையைப் படித்துவிட்டு வாங்குங்கள். அதிக சர்க்கரை பேதியைக் கூட்டும்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் ஓ.ஆர்.எஸ்.ஸைவிட அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரக நோயாளிகள், ஸ்பைரோனோலாக்டோன் போடுகிறவர்கள், ப்ரில் அல்லது சார்டன் போடுகிறவர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெட்டிக் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கலாம். டயாலிசிஸ், இதயச் செயலிழப்பு என்று தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் ஓ.ஆர்.எஸ்.ஸையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

கஞ்சி, இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். குடலின் உள்பூச்சு சிதைந்திருப்பதால் பால் சில நாளைக்கு ஒத்துக்கொள்ளாது, தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தாய்ப்பாலை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

பால் சேர்க்காத கட்டன் சாயா, மாதுளை ஓட்டுக் கஷாயம், கடுக்காய்ப் பொடி எல்லாம் துவர்ப்பு. அதில் இருக்கும் டானின் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையோடு இதைச் சேர்க்க வேண்டாம். வெந்தயத்தைத் தயிரில் போட்டு விழுங்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் சாப்பாடே இறங்காத நாளில் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை இறக்கலாம். இசப்கோல் மற்ற மாத்திரைகளை உறிஞ்சிக்கொள்ளும், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே குடலை அடைக்கும். ஜாதிக்காயைக் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதிகமானால் மயக்கமும் படபடப்பும் தரும் பொருள் அது, பேதி மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் சிஒய்பி3ஏ4-ஐத் தடுக்கக்கூடியவை. மருந்து எடுக்கும் அந்த இரண்டு நாள் இல்லாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 7: அளவும் நேரமும்

பெரியவர்களுக்கு லோபரமைடு முதலில் 4 மில்லிகிராம், அதாவது இரண்டு மாத்திரை. அப்புறம் ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போனபின் ஒன்று. டாக்டர் சீட்டு இல்லாமல் நாளுக்கு 8 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, டாக்டர் மேற்பார்வையில்கூட 16-தான் எல்லை. இரண்டு நாளில் நிற்கவில்லை என்றால் மூன்றாவது நாள் மாத்திரை வேண்டாம், டாக்டர் வேண்டும்.

நேரம் பிரிக்க ஓர் எடுத்துக்காட்டு. டாக்டர் நாளுக்கு இருவேளை ஃப்ளாக்ஸாசின் எழுதியிருக்கிறார், ஜிங்க், புரோபயாடிக்கும் இருக்கின்றன என்று வையுங்கள். காலை 7 மணிக்கு வெறும் தண்ணீரோடு ஆன்டிபயாடிக், 9 மணிக்குமேல் இட்லி, 10 மணிக்குப் புரோபயாடிக், பகல் 1 மணிக்கு ஜிங்க், இரவு 7 மணிக்கு இரண்டாவது ஆன்டிபயாடிக். இப்படி வைத்தால் ஜிங்குக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் இரண்டு பக்கமும் ஆறு மணி நேரம் கிடைக்கிறது. பால், தயிர், இரும்பு மாத்திரை எல்லாவற்றையும் அந்த மதிய நேரத்தை ஒட்டித் தள்ளிவிடலாம், ஜிங்கோடு சேர்க்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு.

ஜிங்க் குழந்தைகளுக்குத்தான் முக்கியம். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, பேதி நின்ற பிறகும் சேர்த்து 10 முதல் 14 நாள். பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

படி 8: குழந்தை விஷயத்தில்

இரண்டு வயதுக்குள் லோபரமைடு கிடையவே கிடையாது, அதற்கு மேலும் டாக்டர் எழுதாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பாகிஸ்தானில் கைக்குழந்தைகளுக்கு இந்த மருந்தால் குடல் செயலிழந்து மரணங்கள் நேர்ந்த செய்திகள் வந்தபின், 1990-இல் குழந்தைகளுக்கான இமோடியம் சொட்டு மருந்து திரும்பப் பெறப்பட்டது. "கால் மாத்திரைதானே" என்று உடைத்துக் கொடுக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். லோமோஃபென் வகை ஆறு வயதுக்குள் கூடாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு அட்ரோபின் சாதாரண அளவிலேயே அதிகமாக வேலை செய்யும்.

படி 9: எப்போது ஓட வேண்டும்

எழுந்தால் தலை சுற்றுகிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, குழந்தையின் கண் குழிந்து அழுதால் கண்ணீர் வரவில்லை, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தது, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியவில்லை, உதடோ நாக்கோ வீங்குகிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். போகும்போது காலி அட்டையையும் மீதி மாத்திரையையும் தினசரி டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். லோபரமைடும் டைஃபெனாக்ஸிலேட்டும் ஓபியாய்டு வகை என்பதால் அதற்கு மாற்று மருந்தான நலோக்ஸோன் தேவைப்படலாம். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் அவர்களால் உடனே தொடங்க முடியும்.

குழந்தை லோமோஃபென் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டால், ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும், சிரித்துக்கொண்டிருந்தாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சு குறைவது விழுங்கி 30 மணி நேரம் கழித்துக்கூட வரலாம். நலோக்ஸோன் கொடுத்துத் தெளிந்தபிறகும் அந்த மருந்தின் வேலை முடிந்ததும் குழந்தை மறுபடி மூச்சுத் திணறலுக்குப் போகலாம், அதனால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தாமல் அவர்கள் சொல்லும் நேரம் வரை அங்கேயே இருங்கள்.